லூமிசைட்: நொதி வெட்டினால் ஒளிரும் மருந்து

புற்றுநோய்த் திசுவில் மிகுந்து இயங்கும் நொதிகளைக் கொண்டே அத்திசுவைக் காட்டிக்கொடுக்க வைக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. காடோலினியம் என்னும் உலோகத்தைச் சர்க்கரை மூலக்கூறால் மூடிவைத்து, பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி அம்மூடியை அறுத்ததும் எம்ஆர்ஐ படத்தில் பளிச்சிடும்படி தாமஸ் மீட் குழுவினர் கால்டெக்கில் உருவாக்கிய சேர்மம், 2000-ஆம் ஆண்டிலேயே தவளைக் கருக்களில் வேலை செய்து காட்டியது. உலோகவழி இன்னும் ஆய்வகத்தைத் தாண்டாத நிலையில், உலோகமே இல்லாமல் அதே உத்தியைக் கையாளும் லூமிசைட் என்னும் ஒளிர்சாய மருந்து 2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது.

மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும் அறுவைசிகிச்சைக்கு 2 முதல் 6 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் இம்மருந்து சிரைவழி செலுத்தப்படுகிறது. புற்றுத் திசுவில் மிகுந்திருக்கும் கெதெப்சின் போன்ற நொதிகள் அதன் பெப்டைடு இணைப்பை வெட்டும்போது, அதுவரை அடங்கியிருந்த சாயம் ஒளிரத் தொடங்குகிறது. கட்டியை எடுத்த குழிக்குள், அந்த ஒளியைத் திரையில் காட்டும் கைக்கருவியை வைத்துப் பார்க்கும் மருத்துவர், சுவரில் ஒளிரும் இடத்தை அந்த மேசையிலேயே சீவி எடுத்துவிடலாம். எடுத்த திசுவின் விளிம்பில் புற்று எஞ்சியிருக்கிறது என்ற நோய்க்கூறியல் (திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் சோதனை) அறிக்கை சில நாள் கழித்து வந்து, ஆறத் தொடங்கிய காயத்தை மீண்டும் திறக்கும் கொடுமையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இம்மருந்தை நோயாளிகளிடம் சோதித்த இன்சைட் ஆய்வில் 357 பேரில் 27 பேருக்கு, வழக்கமான அறுவை முடிந்த பின்னும் எஞ்சியிருந்த புற்றை நீக்க இம்மருந்து வழிகாட்டியது. விளிம்பில் புற்று எஞ்சியிருந்த 62 பேரில் 9 பேருக்கு இரண்டாம் அறுவை தேவைப்படவில்லை. இந்தப் பலனை நான் சிறிதென்று சொல்லமாட்டேன். ஆனால் எஞ்சிய புற்றைத் தவறவிடாமல் பிடிக்கும் உணர்திறன் 49.3 விழுக்காடுதான், ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்த இலக்கையும் அது எட்டவில்லை. ஆகவே திரை இருண்டிருக்கிறது என்பதற்காகக் குழி சுத்தமாகிவிட்டது என்று எவரும் முடிவுகட்டக் கூடாது.

சிறுநீர் இரண்டு நாள் வரை நீலமாகவோ பச்சையாகவோ போகலாம் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிட்டால் வீண் பீதி எழாது. நிணநீர் முடிச்சைக் கண்டறிய நீலச்சாயம் இடும் வழக்கமுள்ள மருத்துவர்கள், குழியைப் பார்த்து முடிக்கும் வரை அதைத் தள்ளிவைக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய கவலை, 726 பேரில் 4 பேருக்கு நேர்ந்த அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. மருந்துச் சீட்டில் கட்டமிட்ட எச்சரிக்கையாகவே அது இடம்பெற்றிருக்கிறது. எனவே உயிர்காப்பு வசதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் அருகிலேயே உள்ள, நோய்க்கூறியல் சோதனையை ஒரு படிகூடக் குறைக்காத மருத்துவமனைகளுக்கு மட்டுமே இதனைப் பரிந்துரைப்பேன்.