டெலி மானஸ் 14416: உடனிருப்பவரின் பார்வையில்

மனச்சோர்வுக்கு ஆளானவருக்கு மருத்துவரைக் கண்டுபிடித்துவிடலாம். அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் தம் சந்தேகங்களைக் கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை, என் தம்பி சிகிச்சையில் இருந்த காலத்தில், அவனுக்காக என்பதைவிட எனக்காகவே அழைத்துப் பயன்படுத்தினேன்.

கட்டணமில்லாத இந்த எண் இரவும் பகலும் இயங்குகிறது. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமை மையமாக இருக்க, தமிழ்நாட்டில் இச்சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக நேரடிச் சிகிச்சைக்கோ அனுப்புவார்கள்.

எனக்குப் பெரிதும் பயன்பட்டது, செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொன்ன விதம். “உனக்கு என்ன குறை?” என்று உறவினர்கள் கேட்பது நோயாளியின் குற்றவுணர்வைக் கூட்டும் என்பதையும், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதையும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மாத்திரையின் பலன் தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகலாம், தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது, மாத்திரை அட்டைகள் குடும்பத்தாரிடமே இருக்கட்டும், பூச்சிமருந்து வீட்டில் வேண்டாம் என்பவை அவர் சொன்ன மற்றவை. நாங்கள் ஏற்கெனவே போயிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், பணம் கட்டியும், இவற்றை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

குறை என்றால், தொலைபேசிக்கே உரிய குறைதான். சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவரை ஆலோசகர் நேரில் வந்து அழைத்துப்போக முடியாது. மேலும், சிறிய வீட்டில் நோயாளியின் காதில் விழாமல் பேச இடமில்லை; எனக்கு மொட்டைமாடி இருந்தது, எல்லோருக்கும் அது வாய்க்காது. நோயாளிதான் பேசவேண்டும் என்ற நினைப்பில் அழைக்காமலே இருக்கும் குடும்பங்களையும் நான் அறிவேன். உடனிருப்பவரும் அழைக்கலாம் என்பதை அவர்களிடம் இன்னும் அழுத்தமாகக் கொண்டுசேர்க்க வேண்டும்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு வேறு வகையானது. மனபாரத்தைக் கொட்டித் தீர்க்க நினைப்பவருக்கு அதையும், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பவருக்கு 14416-ஐயும் பரிந்துரைப்பேன். ஆனால் உயிருக்கு ஆபத்தான எதையேனும் நோயாளி செய்துவிட்டிருந்தால், இரண்டுக்கும் முன்பாக 108-ஐ அழையுங்கள்.