இரண்டரை மீட்டர் கோர்செயர்: எடைச் சமநிலையும் டிரிம்மும்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான எஃப்4யூ கோர்செயரின் 1/5 அளவு ரிமோட் மாடல் ஒன்றைச் சில வருடங்களாகப் பறக்கவிட்டு வருகிறேன். இறக்கை நுனிக்கு நுனி இரண்டரை மீட்டர், பெட்ரோல் இன்ஜின், மடங்கும் சக்கரங்கள், டேங்க் காலியாக இருக்கும்போது எடை 15 கிலோ. இவ்வளவு காலம் வைத்திருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இந்த அளவு விமானத்தில் சி.ஜி., அதாவது மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளி, ஒரே இடத்தில் நிற்பதில்லை. பறக்கப் பறக்க நகர்கிறது. எங்கிருந்து எதுவரை நகர்கிறது என்று தெரிந்தால்தான் சமநிலை பார்த்ததாக அர்த்தம்.

கோர்செயரின் சக்கரக் கால்கள் பின்னோக்கி மடங்கி, போகிற போக்கிலேயே தொண்ணூறு டிகிரி திரும்பி, இறக்கைக்குள் படுத்துக்கொள்ளும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் என் மாடலில் அந்த நகரும் பாகங்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 1.2 கிலோ, மடங்கும்போது அந்த எடை சுமார் 12 செ.மீ. பின்னால் போகிறது. 1.2-ஐ 12-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1 செ.மீ. சக்கரத்தை இழுத்ததுமே சி.ஜி. அவ்வளவு பின்னால் போய்விடும். டேங்க் முன்பக்கம் இருப்பதால் பெட்ரோல் தீரத் தீர இன்னும் ஒரு செ.மீ.க்கு மேல் நகரும். ஆக, டேங்க் காலி, சக்கரம் உள்ளே என்ற நிலைதான் மிக ஆபத்தானது. நான் கணக்குப் போடுவது அந்த நிலைக்குத்தான். நிஜ விமானங்களிலும் இந்தத் தொல்லை இருந்தது. அதே காலத்து மஸ்டாங் போர் விமானத்தில் விமானிக்குப் பின்னால் வைத்த 85 கேலன் டேங்க் நிறைந்திருந்தால் வால் கனத்து விமானம் நிலைகொள்ளாது. அதனால் அந்த எரிபொருளைத்தான் முதலில் செலவழிப்பார்கள்.

சிறிய மாடலை இரண்டு விரலில் தாங்கிப் பார்க்கலாம். 15 கிலோவைத் தலைகீழாகத் தூக்கி ஸ்டாண்டில் வைக்க இரண்டு பேர் வேண்டும், கண்ணாடிக் கூண்டு உடையாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். எனக்குத் தராசு முறைதான் பிடித்திருக்கிறது. முன்சக்கரங்களுக்குக் கீழே ஒவ்வொரு தராசு. வால் சக்கரத்துக்குக் கீழே இன்னொன்று, விமானம் பறக்கும் வாக்கில் மட்டமாக நிற்கிற உயரத்துக்கு ஏற்றி. வால் தராசு காட்டும் எடையை முன் அச்சிலிருந்து வால் சக்கரம் வரை உள்ள தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். வாலில் 0.9 கிலோ, தூரம் 120 செ.மீ., மொத்தம் 15 கிலோ என்றால், அச்சிலிருந்து 7.2 செ.மீ. பின்னால் சி.ஜி. அத்துடன் சக்கரம் மடங்கும்போது நகரும் 1 செ.மீ.யையும் கூட்டிக்கொள்ளுங்கள். தனி ஆளாகச் செய்யலாம், விடை மில்லிமீட்டரில் கிடைக்கும்.

சி.ஜி.யை முன்னால் கொண்டுவர மூக்கில் ஈயம் சேர்ப்பதற்கு முன்னால் பேட்டரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். இக்னிஷன் பேட்டரி, ரிசீவர் பேட்டரி எல்லாமே இன்ஜினை ஒட்டி உட்கார இடம் இருக்கும். வாலில் கூடும் எடைதான் கொடுமையானது. என் மாடலில் வால் சக்கரம் சி.ஜி.யிலிருந்து 120 செ.மீ., முன்னால் ஈயம் வைக்கும் இடம் 50 செ.மீ. பின்னால் 100 கிராம் கூடினால் முன்னால் 240 கிராம் வைத்தாக வேண்டும். வாலில் பெயின்ட் அடிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

இறக்கையின் சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் சி.ஜி.யை வைத்துத்தான் ஆரம்பித்தேன். பறந்தது, பத்திரமாகவும் இருந்தது. ஆனால் இறக்கும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) முழுதாக இழுத்தாலும் மூக்கு மேலே வராது. சக்கரம் தரையில் பட்டதும் குதிக்கும். நல்ல உயரத்தில் திராட்டிலைக் குறைத்து, விமானத்தைச் சாய்வாகக் கீழே இறக்கி, ஸ்டிக்கை விட்டுப் பார்த்தேன். வேகம் ஏற ஏறத் தானாகவே மூக்கைத் தூக்கியது. மூக்குக் கனத்துக்கு ஈடாக எலிவேட்டரில் வைத்த மேல் டிரிம் (ஸ்டிக்கைத் தொடாதபோது தகடு நிற்கும் நிலையைச் சற்று மாற்றிவைப்பது), வேகம் கூடும்போது வலுவாக வேலை செய்வதன் அடையாளம் அது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயத்தை எடுத்து 28 சதவீதத்துக்கு வந்தேன். இப்போது அதே சோதனையில் மிக மெதுவாகத்தான் மூக்கு எழுகிறது. தரையை நெருங்கும்போது இரண்டு முன்சக்கரமும் சத்தமில்லாமல் தொடுகின்றன. இதற்கும் பின்னால் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. ஸ்டிக்கை விட்டதும் மூக்கு இன்னும் கீழே புதைந்தால் அது வால் கனம். உடனே இறக்கிவிட வேண்டும்.

பக்கவாட்டுச் சமநிலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சைலென்சர் ஒரு பக்கமாகத் தொங்குவதால் அந்த இறக்கை கனக்கும். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) டிரிம் அதை மறைக்கும், ஆனால் ஒரே ஒரு வேகத்தில்தான். ப்ரொப்பெல்லர் அச்சையும் வாலையும் பிடித்துத் தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க இறக்கை நுனியில் எடை வைத்தால் போதும்.

அதைச் சரிசெய்த பிறகும் ஸ்டாலில் (வேகம் மிகக் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது) இடது இறக்கை சட்டென்று விழுந்தது. நிஜக் கோர்செயருக்கும் இதே குணம் உண்டு. வலது இறக்கையின் முன்விளிம்பில், துப்பாக்கிகளுக்கு அப்பால், ஒரு சின்னப் பட்டையை ஒட்டித்தான் அதைச் சமாளித்தார்கள். நானும் அதே இடத்தில் பால்சா (லேசான மரம்) முக்கோணப் பட்டை ஒன்றை டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். விழுவது அடியோடு நிற்கவில்லை, ஆனால் இப்போது முன்கூட்டியே ஒரு நடுக்கம் தெரிகிறது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. பட்டையை நிரந்தரமாக ஒட்டிவிட்டேன்.

டிரிம் பிடிபட்டதும் அதை டிரான்ஸ்மிட்டரில் அப்படியே விடாமல், கம்பியின் முனையைத் திருகி நீளத்தை மாற்றி, டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் சர்வோ (அந்தக் கம்பியை அசைக்கும் சிறு மோட்டார்) இரண்டு பக்கமும் முழுதாக ஓடும். ஃபிளாப் (வேகம் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு) இறங்கும்போது எலிவேட்டரும் தானாகச் சேர்ந்து அசையும் கலவையை நல்ல உயரத்தில் சோதித்து, ஃபிளாப் மெதுவாக, இரண்டு மூன்று வினாடியில் இறங்கும்படி வைத்தால், மூக்கு துள்ளாமல் எலிவேட்டர் ஈடுகொடுக்கும்.

முன்னால் வைத்த ஈயத்தை எபாக்சியை மட்டும் நம்பி விடாதீர்கள். பெட்ரோல் இன்ஜின் அதிர்வில் ஒட்டு விட்டுவிடும். துளை போட்டு, பெரிய வாஷருடன் போல்ட் மாட்டுங்கள். ஒவ்வொரு பறக்கும் பருவத்தின் தொடக்கத்திலும் தராசை எடுத்து மறுபடி ஒருமுறை எடை பாருங்கள்.