சிரியஸ் பி, புரோசியான் பி: எது அதிகம் இழந்தது?

மாசி இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் சிரியஸ், புரோசியான் என்ற இரண்டு விண்மீன்களும் பளிச்சென்று தெரியும், ஆனால் இரண்டோடும் சேர்ந்து சுற்றுகிற சிரியஸ் பி, புரோசியான் பி என்ற வெண்குறுமீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன் எச்சங்கள்) வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. சிரியஸ் பி பிறக்கும்போது அதன் திணிவு சூரியனைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு, இப்போது மிச்சம் 1 மடங்குதான். புரோசியான் பி சுமார் 2இல் தொடங்கி 0.6இல் நிற்கிறது. அதாவது பெரியது 80 சதவீதத்தை வாயுவாக ஊதித் தள்ளிவிட்டது, சின்னது 70 சதவீதத்தை. முதல் கூடினால் மிச்சமும் கூடும், சரி, ஆனால் அதே விகிதத்தில் இல்லை.

உருவத்தில் கதை தலைகீழ்: திணிவு கூடினால் ஈர்ப்பு இன்னும் இறுக்கும், அதனால் சிரியஸ் பிதான் சிறியது, பூமியளவுகூட வராது. எனக்கென்றால் அதுதான் சுவாரசியம், ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்சத் திணிவான சந்திரசேகர் எல்லைக்கு, அதாவது சூரியனைப்போல் 1.4 மடங்குக்கு, கிட்ட நிற்பதும் அதுதானே.