மண்ணீரல் பலவீனம் என்று சின்சே சொன்னார், பயந்துவிட்டேன்

மதியம் இரண்டு மணி ஆனால் கண் சொருகும். சாப்பிட்டது அப்படியே நெஞ்சுக்குக் கீழே நிற்கும், வயிறு உப்பி பெல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும், மாலையில் எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்குவேன். ஒரு வருடமாக இதே கதை. ஆபீஸில் பக்கத்து மேசை சீன அக்கா "சின்சேகிட்ட (சீன மருத்துவரிடம்) போய்க் காட்டு" என்று நச்சரித்ததால், சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சீன மருந்துக் கடைக்குப் போனேன். கடைப் பெயரைப் போடவில்லை, கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

முதலில் நல்லது. சின்சே ஐம்பது வயதுப் பெண்மணி, நல்ல ஆங்கிலம். இருபது நிமிடம் கேள்வி கேட்டார். இனிப்பு தேடுகிறதா, சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா, மலம் கழிவறைத் தொட்டியில் ஒட்டுகிறதா (ஆமாம், அதுவும்தான்), ஒரு நாளைக்கு எத்தனை தே பெங் (ஐஸ் போட்ட பால் தேநீர்). மூன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல் பதிந்த தடம், மேலே தடித்த வெள்ளைப் படிவு. "மண்ணீரல் பலவீனம், உடம்பில் ஈரம்" என்றார்.

எனக்குப் பகீர் என்றது, மண்ணீரலுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமோ என்று. அவர் சிரித்துவிட்டு விளக்கினார்: சீன மருத்துவத்தில் "பி" என்பது ஆஸ்பத்திரியில் சொல்லும் உறுப்பு இல்லை, சாப்பாட்டைச் சக்தியாக, அவர்கள் சொல்லும் "சி"யாக, மாற்றி உடம்பெல்லாம் அனுப்பும் வேலைக்கே அந்தப் பெயர். அந்த வேலை மந்தமானால் மேலே களைப்பு, கீழே உப்புசம், இரண்டும் ஒரே கோளாறு. லி துங்யுவான் (1180–1251) என்ற மருத்துவர் போரும் பசியுமாக இருந்த காலத்தில் இதைப் பற்றியே தனி நூல் எழுதியவராம், நேரம் தவறிய சாப்பாடும் அளவு மீறிய உழைப்பும்தான் காரணம் என்று. என் அலுவலக வாழ்க்கையை எட்டு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்!

முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, நான்கு விரல் தள்ளி ஒரு ஊசி போட்டார். "சூ சான் லி" என்ற இடம். அங்கே குத்தினால் ஓய்ந்துபோனவன்கூட இன்னும் மூன்று லி (சீனத் தூர அளவு) நடப்பான் என்று பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. வலி இல்லை, கனமான ஒரு இழுப்பு மட்டும்.

மருந்து கஷாயம் இல்லை, பொடி. நான்கு கனவான்கள் என்று பெயர் கொண்ட சோங் வம்ச காலத்துக் கலவை. நான்கும் சாதுவான சரக்குகள் என்பதால் அந்தப் பெயராம்: ஜின்செங் (இப்போது மலிவான தாங்ஷென் வேரைப் போடுகிறார்கள்), பைஷூ வேர், பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான், நமக்குத் தெரிந்த அதிமதுரம். எனக்குக் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்த்திருந்தார், உப்புசத்துக்கு. வெந்நீரில் கலக்கினால் மரத்தூள் வாசம், ஆனால் தொண்டையில் அதிமதுர இனிப்பு நிற்கும். அம்மாவுக்கும் வாங்கட்டுமா என்று கேட்டேன். "பிரஷர் இருக்கிறதா? அதிமதுரம் அதை ஏற்றும், அவரை அழைத்து வந்து காட்டுங்கள்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அவர்மீது நம்பிக்கை வந்தது.

இனி திட்டு. மருந்துக்கு நாளுக்கு 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு வாரத்துக்கு எவ்வளவு என்று கவுண்டரில் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பாட்டிலில் வெறும் எண்தான், மருந்துகளின் பெயரைக் கேட்டு வாங்கச் சண்டை போட வேண்டியிருந்தது. பறவைக்கூடு சத்துப் பான பாட்டிலை மூன்று தடவை என் கையில் திணிக்கப் பார்த்தார்கள். சின்சே போட்ட பெயரை அவர்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

குணமானதா? ஆறு வாரத்தில் உப்புசம் பெரும்பாலும் போய்விட்டது, மதியத் தூக்கம் பாதி. ஆனால் அதே சின்சே முதல் நாளே "இரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா? எடுத்துவிட்டு அடுத்த முறை வாருங்கள்" என்று சொல்லியிருந்தார். பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) எடுத்ததில் இரும்புச்சத்து குறைவு, மாத்திரை தந்தார்கள். தே பெங்கையும் இரவு பதினொரு மணி பரோட்டாவையும் அதே வாரம்தான் விட்டேன். எது வேலை செய்தது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. பொடியை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

போகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் பதிவில்லாமல் சீன மருத்துவம் செய்ய முடியாது. சனிக்கிழமை காலை வேண்டாம், வரிசை நடைபாதை வரை நிற்கும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம், அதில் மூன்று சின்சேவுக்கு.