மில்ஃபோர்டா, டவுட்ஃபுல்லா: படகில் ஓர் இரவு

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து போகும் பட்டர்வொர்த் சித்தி மகள் கேட்டாள்: "அண்ணே, ரெண்டு ஃபியோர்டுல எதுல ராத்திரி தங்கலாம்?" ஃபியோர்டு என்றால் செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல்; அவள் கேட்டது மில்ஃபோர்டையும் டவுட்ஃபுல்லையும்.

போகும் வழி
மில்ஃபோர்டு: தே அனா என்ற ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். 1954இல் திறந்த ஹோமர் சுரங்கப்பாதையைத் தாண்டினால் துறைமுகம். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடுவதுண்டு.
டவுட்ஃபுல்: நேரடிச் சாலை கிடையாது. மனபூரி ஏரியைப் படகில் கடந்து, பேருந்தில் வில்மட் கணவாய் ஏறி இறங்கி, மறுபடி படகு. பெட்டியைச் சின்னதாகக் கட்டு.

செலவு
டவுட்ஃபுல்தான் கூடுதல், ஏரிப் படகும் பேருந்தும் அதில் சேரும்.

காட்சி
மில்ஃபோர்டு: சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் மைட்டர் சிகரம் கடலிலிருந்தே செங்குத்தாக எழும். பகலில் நெரிசல், பகல் படகுகள் திரும்பிய பிறகுதான் இரவுப் பயணிக்கு அதன் அழகு.
டவுட்ஃபுல்: 40 கிலோமீட்டர், பல கிளைகள், டால்பின்கள். உள்ளே போனால் வெளியே வரக் காற்று கிடைக்குமோ என்று 1770இல் கேப்டன் குக் சந்தேகப்பட்டு நுழையாமலே போனார், பெயரும் அதனால்தான். எஞ்சினை நிறுத்தியதும் வரும் அமைதி பினாங்கில் எந்தச் சாமத்திலும் கிடைக்காது.

மழை, பூச்சி
இரண்டிலும் உண்டு. மழை பெய்தால் புலம்பாதே, அருவிகள் அப்போதுதான் பெருகும். மணல் ஈக் கடிக்கு மருந்து அவசியம்.

அம்மாவும் கைக்குழந்தையும் வந்தால் மில்ஃபோர்டு. நீயும் மாப்பிள்ளையும் மட்டும் என்றால், யோசிக்காமல் டவுட்ஃபுல். சைவச் சாப்பாட்டை முன்பதிவிலேயே சொல்லிவிடு.