வழி தெரியாமல் நின்றபோது படித்த புத்தகம்: உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணி பக்கம் எங்கள் தோப்பில் முக்கால்வாசித் தென்னை ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. தோப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். நடுவில் நாற்றங்கால் போட்டேன், நஷ்டம். கடைசியில் கும்பகோணத்தில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். அந்த நாட்களில் தோல்வி, மீட்சி, வெற்றி என்று அட்டையில் பெரிதாகப் போட்ட மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் ஏழெட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் விதிகள் இருந்தன. ஆனால் எழுதியவர் எப்போதோ கரையேறி, வேட்டியை உலர்த்திக் கட்டிக்கொண்டு, இன்னும் ஆற்றுக்குள் நிற்கிறவனைப் பார்த்துப் பேசுவது போலவே இருந்தது. பாதிக்கு மேல் எதையும் படிக்க முடியவில்லை.

'என் சரித்திரம்' அப்படி இல்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் சுயசரிதை என்றால் படிப்பாளிகளுக்கு மட்டும்தான் என்று நானும் தள்ளியே வைத்திருந்தேன். தப்பு. இருபத்தைந்து வயது வரை இது, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஊர் ஊராக அலைந்த ஒரு பையனின் கதை.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு தவறிலிருந்துதான் தொடங்குகிறது. தஞ்சாவூர் ராஜா ஒருவர் சுற்றுப்பயணத்தில் சாப்பிட்டுத் தாம்பூலம் போட்டுக்கொண்ட பிறகுதான் அன்று ஏகாதசி என்று அவருக்கு நினைவு வருகிறது. விரதம் கெட்டதற்குப் பரிகாரமாக வீடு கட்டி, நிலம் கொடுத்து ஓர் அக்ரகாரத்தை உண்டாக்கித் தானம் செய்கிறார். அதுதான் உத்தமதானபுரம், உ.வே.சா.வின் சொந்த ஊர். பாபநாசத்திலிருந்து பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் அவருடைய நினைவு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓர் ஊரே ஒருத்தர் மறந்துபோனதால் உண்டானது என்று படித்த பிறகு அந்தத் தெருவில் நடப்பது வேறு மாதிரி இருந்தது.

அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கதை சொல்லிப் பிழைப்பவர். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அரியலூர், குன்னம், செங்கணம் என்று குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போகிறார். ஓர் ஊரில் பாடம் ஓடும், கொஞ்ச நாளில் நின்றுவிடும். வருமானம் இருக்கும், அப்புறம் இருக்காது. இந்தப் பகுதி நீளம்தான். சிலருக்கு அலுக்கும். எனக்கு அலுக்கவில்லை, ஏனென்றால் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிற அந்த வாழ்க்கையில் அடுத்த ஊரைத் தாண்டி யாருக்கும் எதுவும் தெரியாது. எழுதும்போது உ.வே.சா.வுக்கு எண்பத்தைந்து வயது, முடிவு என்ன என்று அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும் அதை முன்கூட்டிச் சொல்லி நம்மைத் தேற்றுவதில்லை.

1871இல் மாயூரத்தில் (மாயவரம், இப்போதைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய் நிற்கிறார்கள். வந்தவுடன் சேர்த்துக்கொள்ளவில்லை. பலர் வருகிறார்கள், கொஞ்ச நாள் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று பிள்ளை தயங்குகிறார். சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வி வேறு. ஒருவழியாகச் சேர்கிறார். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறார். அப்பாவின் ஆசை அது. ஆனால் மகாவித்துவானுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார். அது சரியா தப்பா என்று அவர் விவாதிப்பதே இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். விட்ட வேலையைப் பற்றி இரண்டு வருஷமாக ராத்திரி ராத்திரி கணக்குப் போட்டவன் நான்.

ஐந்து வருஷத்தில், 1876இல், பிள்ளை இறந்துவிடுகிறார். மறுபடியும் என்ன செய்வது என்ற நிலை. திருவாவடுதுறை மடம், அப்புறம் 1880இல், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் இடத்தில் வேலை. சரி, வாழ்க்கை ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில்தான் அந்த அத்தியாயம் வருகிறது.

1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலையெல்லாம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் படித்ததில்லை. புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. அத்தனை வருஷப் படிப்பும் அந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. அவமானம், வீம்பு, கொஞ்சம் கோபம், எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

சிந்தாமணியை வாங்கிக்கொண்டு வந்து பிரித்தால் புரியவில்லை. உரையில் வருகிற மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றே தெரியவில்லை. அது சமணக் காப்பியம். அந்தச் சமயச் செய்திகளைத் தெரிந்துகொள்ள, தான் வேலை பார்க்கிற கும்பகோணத்திலேயே சமணர்கள் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறார், கல்லூரியில் பாடம் சொல்லுகிற வாத்தியார். ஏழு வருஷம் கழித்து 1887இல்தான் புத்தகம் வெளிவருகிறது. பிறகு மணிமேகலையை எடுத்தால் அது எந்தச் சமயத்து நூல் என்பதிலேயே திகைப்பு. முதல் தடவை தெரியாததை ஒப்புக்கொண்டவருக்கு இரண்டாம் தடவை கூச்சமே இல்லை. இந்த இடம் மட்டும் நான் நாலு தடவை படித்தேன்.

'சத்திய சோதனை'யையும் இதோடு சேர்த்துப் படித்தேன். லண்டனில் காந்தி நடன வகுப்பு, வயலின் என்று அலைந்ததும், பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்கில் எழுந்து நின்று பேச்சு வராமல் உட்கார்ந்ததும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் ஒவ்வொரு தவறுக்கும் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறார். குழம்பிக் கிடக்கும்போது எனக்கு அது கனமாக இருந்தது. தெளிந்த பிறகு படிக்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். ஆட்கள் பெயர் ஏராளம், செய்யுள்கள் நிறைய, மடத்து வழக்கங்கள் தெரியாதவர்களுக்கு நடுவில் தடுக்கும். செய்யுள் புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், கதை அறுந்துபோகாது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942இல் அவர் இறந்ததால் 122 அத்தியாயத்தோடு பாதியில் நிற்கிறது. 1950இல்தான் புத்தகமாக வந்தது. முடிவு வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். நான் வாங்கிய பிரதியில் தாள் மெலிசு, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது, மாயூரம் அத்தியாயங்களுக்கு வருவதற்குள் முதுகு விட்டுப்போய் எட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துக் கெட்டி அட்டை வாங்குவதே நல்லது. இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம், ஆனால் போனில் இவ்வளவு பெரிய புத்தகம் சிரமம்.

ஒட்டுப் போட்ட என் பிரதி இப்போது அத்தை மகளிடம் இருக்கிறது. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். நேற்று போன் பண்ணி, 'அண்ணே, இவரு இன்னும் குன்னத்துலயே இருக்காரே, எப்பதான் மாயவரம் போவாரு?' என்று கேட்டாள்.