கோவையில் அப்பாவின் கண்புரை சிகிச்சை: கண்பாவையை விரிக்கும் அந்த ஒரு மணி நேரம்

பெற்றோரின் கண்புரை சிகிச்சைக்காக வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்கள், எந்த லென்ஸ் வைப்பார்கள், எவ்வளவு செலவாகும், எந்த மருத்துவர் செய்வார் என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு கண்பாவையை எதைக் கொண்டு, எப்படி விரிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களை நான் பார்த்ததில்லை. என் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் புரை நீக்கிய அனுபவத்துக்குப் பிறகு, முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். பெற்றோர் பொள்ளாச்சிக்கு அருகில் இருக்கிறார்கள். அப்பா எழுபதைக் கடந்தவர். நெடுநாளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. புரை படர்ந்த லென்ஸ், கண்ணின் நிறமுள்ள வட்டமான ஐரிஸுக்குப் பின்னால் இருப்பதால், மருத்துவரின் கருவிகள் யாவும் அதன் நடுவிலுள்ள பாவை என்னும் சிறு துளையின் வழியாகத்தான் அதை அடைய வேண்டும். அந்தத் துளை 6 மில்லிமீட்டர் அளவுக்காவது விரிந்து, கடைசிவரை அப்படியே நின்றால் வேலை எளிது. நடுவில் சுருங்கினால் ஐரிஸ் காயப்படலாம், லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய உறையும் கிழியலாம். நம் ஊரில் பரவலாகச் செய்யப்படும் தையலில்லாச் சிறு வெட்டு முறையில், லென்ஸின் கெட்டியான உட்பகுதியை உடைக்காமல் முழுதாகவே பாவை வழியே முன்னால் கொண்டுவருகிறார்கள் என்பதால், அங்கே நல்ல விரிவு இன்னும் அவசியம்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கண் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கண்டது எனக்குக் கவலையளித்தது. கண்ணழுத்தம் பார்க்காமல், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஒரே புட்டியிலிருந்து சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டே வந்தார்கள். புட்டியின் முனை ஒரு பெரியவரின் இமை முடியில் பட்டதை நானே பார்த்தேன். ஐரிஸுக்கு முன்னால் நீர் நிறைந்த இடமான கண்ணின் முன்னறை குறுகலாக இருப்பவர்களுக்குப் பாவையை விரித்தால் கண்ணழுத்தம் திடீரென ஏறும் ஆபத்து உண்டு. ஒருவர் கண்ணிலுள்ள கிருமி அடுத்தவருக்குப் போக அந்த முனை ஒன்றே போதும். அப்பாவின் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டோம்.

கோவையில் நாங்கள் தேர்ந்த மருத்துவமனை முற்றிலும் வேறாக இருந்தது. மருந்து ஊற்றுவதற்கு முன்பே ஒரு செவிலியர் அப்பாவை உட்கார வைத்து வரிசையாகக் கேட்டார். "ஐயா, ஒண்ணுக்குப் போறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்ற கேள்வி வந்ததும் அப்பா என்னைப் பார்த்துத் தயங்கினார். அதைப் புரிந்துகொண்ட அந்தப் பெண், "அக்கா, இந்த ஃபைலைக் கவுன்ட்டர்ல குடுத்துட்டு வந்துடறீங்களா?" என்று என்னை மெல்ல அனுப்பி வைத்தார். நான் திரும்பி வருவதற்குள், புராஸ்டேட் வீக்கத்துக்காக அப்பா சில ஆண்டுகளாக டாம்சுலோசின் சாப்பிட்டு வருவது ஃபைலின் முகப்பில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது.

அந்த ஒரு வரியின் அருமையை இங்கே விளக்கியே ஆக வேண்டும். சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின், பாவையை விரிக்கும் ஐரிஸ் தசையையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. அறுவையின்போது ஐரிஸ் துவண்டு அலைபாய்ந்து, வெட்டின் வழியே வெளியே பிதுங்க முயல, பாவையும் படிப்படியாகச் சுருங்கிவிடும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் என்னும் இரு மருத்துவர்கள் 2005இல் இதை விவரித்த பிறகுதான் உலகெங்கும் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்துவதால் இந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கோவையில் நிறுத்தச் சொல்லவும் இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அறுவை மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாட்டுடன் இருப்பார், அவ்வளவுதான் தேவை.

அறுவை நாளன்று டிரோபிகமைடும் ஃபீனைலெஃப்ரினும் கலந்த சொட்டு மருந்தைப் பத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். முன்னது பாவையைச் சுருக்கும் வட்டத் தசையைச் செயலிழக்கச் செய்கிறது. பின்னது விரிக்கும் தசையை இழுக்கச் செய்கிறது. இரண்டும் சேரும்போதுதான் முழு விரிவு கிடைக்கிறது. கூடவே ஃப்ளர்பிப்ரோஃபென் சொட்டும் உண்டு; கருவி பட்டதும் கண்ணுக்குள் சுரக்கும் வேதிப்பொருள்கள் பாவையைச் சுருக்கிவிடாமல் அது தடுக்கிறது. ஃபீனைலெஃப்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால் முதலில் அழுத்தம் பார்த்தார்கள். 10 சதவீத வீரியத்தைத் தொடாமல் 5 சதவீதம் உள்ள கலவையையே பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு, மருந்து மூக்கு வழியாக உடலில் இறங்காதபடி கண்ணின் உள்மூலையை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். நம்மவர்களின் கரிய ஐரிஸில் உள்ள நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விரிவு மெதுவாகத்தான் வரும். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பைக் குறைக்க முயலாமல், அவ்வப்போது டார்ச் அடித்துப் பார்த்து மறுபடியும் ஊற்றிய அந்தச் செவிலியர்களின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் இதே இரு மருந்துகளை அரிசி மணி அளவுள்ள ஒரு துண்டாகக் கீழிமைக்குள் வைத்துவிட்டு, அறுவைக்கு முன் எடுத்துவிடுகின்றன. செவிலியரின் நேரம் அதனால் மிச்சமாகிறது. இவற்றுடன் மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகெயினையும் சேர்த்து, அறுவை மேசையில் நேராகக் கண்ணின் முன்னறைக்குள் செலுத்தும் ஊசியும் அங்கே உண்டு. அரை நிமிடத்திலேயே பாவை பெருமளவு விரிந்துவிடும். ஆனால் முன்பரிசோதனையில் சொட்டு மருந்துக்கு நன்றாக விரிந்த கண்களுக்கே அது உரியது. அப்பாவின் பாவையோ, சர்க்கரையும் டாம்சுலோசினும் சேர்ந்ததால், எத்தனை சொட்டு ஊற்றியும் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. புதிய முறை என்பதற்காக அதைக் கேட்டு வற்புறுத்துவதில் பொருளில்லை.

அதனால் மருத்துவர் முதலில் நீர்த்த ஃபீனைலெஃப்ரினை முன்னறைக்குள் செலுத்தி ஐரிஸைச் சற்று விறைப்பாக்கிவிட்டு, பிறகு ஒரு வளையத்தைப் பொருத்திப் பாவையை விரித்துப் பிடித்தார். முன்பெல்லாம் இதற்கு நான்கைந்து நைலான் கொக்கிகளைத் தனித்தனி துளைகள் வழியே மாட்டுவார்கள். பின்னர் ரஷ்ய மருத்துவர் போரிஸ் மால்யூகின் வடிவமைத்த வளையம் பரவலானது. அப்பாவுக்கு வைத்தது கொல்கத்தா மருத்துவர் சுவேன் பட்டாச்சார்ஜி உருவாக்கிய பி-ஹெக்ஸ் என்னும் மெல்லிய அறுகோண வளையம். லென்ஸ் வைத்து முடிந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் பிறந்த ஒரு கருவி அப்பாவின் கண்ணைக் காத்தது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமிதம்.

எனக்கிருந்த ஒரே குறை வீடு திரும்பும்போது தந்த சுருக்க அறிக்கையில்தான். லென்ஸின் பவர், ஊற்ற வேண்டிய சொட்டு மருந்துகள், மறுபரிசோதனைத் தேதி எல்லாம் இருந்தன; பாவை விரியாததும், வளையம் பயன்படுத்தியதும் ஒரு வரிகூட இல்லை. இன்னொரு கண்ணை வேறு மருத்துவர் செய்ய நேர்ந்தால் அவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுவல்லவா? கேட்டதும், முகம் சுளிக்காமல் உடனே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். கேட்டால்தான் கிடைக்கிறது என்பதால், அறிக்கையை வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள் என்று ஊருக்கு வரும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் இடது கண்ணுக்குப் பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது தம்பிதான் உடன் போவான். டாம்சுலோசின், விரிவு 5 மில்லிமீட்டர், பி-ஹெக்ஸ் வளையம் என்ற மூன்று விவரங்களையும் கொண்ட அந்த அறிக்கையின் நகலை அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, மூலத்தை அப்பாவின் சர்க்கரை மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.